நம்பத்தகாத நியமனங்கள்: காற்பந்து நிர்வாக விளையாட்டில் நடப்பும் நிகழக்கூடியதும்

முன்னுரை

கணினி விளையாட்டுகளைத் திறனாய்வுக்குரிய பனுவல்களாகக் கொள்ளும் போக்கு தமிழ் ஆய்வுலகில் இன்னும் வேரூன்றவில்லை. கதையும் பாத்திரங்களும் அமைந்த விளையாட்டுகளையேனும் சிலர் ஏற்றுக்கொள்ளக்கூடும். எண்களும் பட்டியல்களுமே திரையை நிறைக்கும் ஒரு விளையாட்டை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது பலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஒரு புனைவு எவ்விடத்தில் நம்பத்தக்கதாகிறது, எவ்விடத்தில் நம்பகத்தன்மையை இழக்கிறது என்னும் பழைய வினாவுக்கு, 'ஃபுட்பால் மேனேஜர்' என்னும் காற்பந்து நிர்வாக விளையாட்டு அளிக்கும் சான்றுகள் நாவல்கள் அளிக்கும் சான்றுகளைவிடக் குறைந்தவை அல்ல என்பதே இக்கட்டுரையாளரின் துணிபாகும்.

பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்னும் ஆங்கிலேயச் சகோதரர்கள் உருவாக்கிய 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்களது ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் தன் பழைய வெளியீட்டாளரைப் பிரிந்தபின், 2004ஆம் ஆண்டு முதல் சேகா நிறுவனத்தின் வழியாக 'ஃபுட்பால் மேனேஜர்' என்னும் புதிய பெயரில் இவ்விளையாட்டு வெளிவரலாயிற்று. இதில் ஆடுபவர் பந்தை உதைப்பதில்லை. ஒரு குழுவின் நிர்வாகியாக அமர்ந்து ஆட்டக்காரர்களை வாங்குகிறார், விற்கிறார், வியூகம் வகுக்கிறார். தோற்றால் பதவி இழக்கிறார். அவர் ஒரு குழுவை நடத்திக்கொண்டிருக்கையில், உலகின் ஏனைய குழுக்கள் யாவும் கணினியின் கையில் இயங்குகின்றன. அக்குழுக்கள் தத்தம் நிர்வாகிகளை நீக்குகின்றன, புதியவர்களை அமர்த்துகின்றன. இவ்விளையாட்டின் மீது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் குறை இந்த இடத்தில்தான் எழுகிறது.

அக்குறை பல வடிவங்களில் வரும். ஒரு பெருங்குழுவைத் தரமிறக்கத்திற்கு உள்ளாக்கியவர் அடுத்த மாதமே அதனினும் பெரிய குழுவில் அமர்கிறார். ஒரு நகரக் குழுவின் அடையாளமாகவே வாழ்ந்தவர் அதே நகரத்தின் எதிரிக் குழுவிற்குச் சலனமின்றிச் செல்கிறார். நேற்று ஓய்வு பெற்ற நட்சத்திர ஆட்டக்காரர், ஒரு நாளும் பயிற்சியளித்தறியாத நிலையில், பட்டம் வென்ற குழுவைப் பொறுப்பேற்கிறார். "இது நடப்புக்கு ஒவ்வாதது" என்பது ஆடுபவர்களின் முறையீடு.

எண்களின் ஆட்சி

இந்நியமனங்கள் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். விளையாட்டின் தரவுத்தளத்தில் ஒவ்வொரு மனிதரும் எண்களின் தொகுப்பே ஆவார். ஆட்டக்காரரின் ஒவ்வொரு திறனும் 1 முதல் 20 வரையிலான எண்ணால் குறிக்கப்பெறுகிறது. இப்போதைய ஆற்றலும் எட்டக்கூடிய உச்ச ஆற்றலும் 200 வரையிலான அளவில் அமைகின்றன. இவற்றினும் வேறாக 'நற்பெயர்' என்றொரு மதிப்பு உண்டு. அது 10,000 வரை செல்லும். பல நாடுகளிலும் உள்ள தன்னார்வலர்கள் தத்தம் குழுக்களைக் கூர்ந்து நோக்கி இவ்வெண்களை இடுகின்றனர். இத்தரவு எளிதில் புறந்தள்ளத்தக்கது அன்று. 2008ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எவர்ட்டன் குழு தன் ஆட்டக்காரர் தேடலுக்கு இதனைப் பயன்படுத்த உடன்பாடு செய்துகொண்டமை நினைக்கத்தக்கது.

ஒரு குழு நிர்வாகியைத் தேடும்பொழுது இவ்வெண்களுள் நற்பெயரே பெரிதும் பேசுகிறது. குழுவின் தரமும் வேட்பாளரின் பெயரும் ஒத்திருந்தால் நியமனம் கூடுகிறது. பெயரோ ஈட்டுவதற்கு அரிது, கரைவதற்கும் காலம் கொள்ளும். ஆகவே நீக்கப்பட்டவரே மீண்டும் மீண்டும் சுழன்று வருகிறார். இதனைச் செயற்கை எனக் கடிவோர் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம். 2014 நவம்பரில் கிரேக்க நாட்டுக் குழுவைச் சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் தோற்கவிட்டுப் பதவி இழந்த கிளாடியோ ரானியேரி, 2015 ஜூலையில் லெஸ்டர் சிட்டியின் நிர்வாகியானார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அக்குழு இங்கிலாந்தின் வாகையர் ஆனது. பந்தயக்காரர்கள் அதற்கு 5,000க்கு 1 என விகிதம் கொடுத்திருந்தனர்.

நட்சத்திர ஆட்டக்காரர் பற்றிய முறையீட்டிற்கும் இதே கதிதான். ஆண்ட்ரியா பிர்லோவை யுவென்டஸ் குழு 2020 ஜூலை 30ஆம் நாள் தன் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்றுநராக அறிவித்தது. ஆகஸ்டு 8ஆம் நாள் முதன்மை அணியே அவர் கைக்கு வந்தது. இடையில் கழிந்தவை ஒன்பது நாள்கள், அவர் நடத்திய ஆட்டங்கள் பூச்சியம். கணினி இதைச் செய்திருந்தால் பிழை என்றே அறிவிக்கப்பட்டிருக்கும்.

உலகியலும் நாடகமும்

உலகில் நிகழ்ந்ததுதானே என்று காட்டிவிட்டால் புனைவின் குறை நீங்கிவிடுமா? நீங்காது. நிகழ்ந்தும் நம்ப முடியாததைவிட, நிகழவியலாததாயினும் நம்பத்தக்கதையே கவிஞன் கொள்ளவேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' தரும் கருத்து. தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டையும் இணைத்தே புலனெறி வழக்கத்தை விளக்குகிறது. உலகியல் தனித்து நின்று பாடலாகிவிடுவதில்லை என்பது நம் மாணவர்களுக்கு நாம் ஆண்டுதோறும் சொல்லித்தரும் பாடமாகும். கழுமலத்தில் இருந்த யானை கரூரில் இருந்த கரிகாலனைத் தேடிச் சென்று அரசனாக்கியது என்னும் பழமொழி நானூற்றுச் செய்தியை எந்தப் படிப்பாளியும் "ஆளெடுப்பு முறை சரியில்லை" என்று மறுத்ததில்லை. யானை தேர்வது அக்கதையுலகின் நெறி. நெறிக்குள் நிகழ்வதை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

இவ்விளையாட்டிலும் அத்தகைய யானை ஒன்று உண்டு. அது பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆட்டத்தைத் தொடங்குபவர் தம் பெயரை எழுதுகிறார். தம் முன்னனுபவத்தை 'ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்' எனக் குறிக்கலாம், பயிற்றுநர் சான்றிதழ் எதுவுமில்லை எனவும் குறிக்கலாம். பின்னர் பார்சிலோனாவையோ மான்செஸ்டர் யுனைட்டெட்டையோ தேர்கிறார். மறுகணம் அவர் அதன் நிர்வாகி. இவ்விளையாட்டின் மிகப்பெரிய நம்பத்தகாத நியமனம் ஆடுபவரே ஆவார். இதனை யாரும் முறையிட்டதில்லை. தமக்குக் கிட்டிய வாய்ப்பு நாடக வழக்காகவும், பிறருக்குக் கிட்டியது பிழையாகவும் தோன்றுவது மனித இயல்பு போலும். (பணியுயர்வுக் குழுக்களில் அமர்ந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.)

இந்நாடக வழக்கை ஓரளவு உலகியலாக்கியவர் வில் ஸ்டில். பெல்ஜியத்தில் பிறந்து வளர்ந்த இவ்விளைஞர் இவ்விளையாட்டில் ஈடுபாடு கொண்டவர் எனச் செய்தியாளர்கள் பெரிதாக எழுதினர். முப்பது வயதளவில், 2022 அக்டோபரில், பிரான்சின் ரெய்ம்ஸ் குழு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. உயர்நிலைப் பயிற்றுநர் உரிமம் அவரிடம் இல்லாமையால் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் குழு 25,000 யூரோ தண்டம் செலுத்த நேர்ந்தது. அவர்தம் முதல் 17 லீக் ஆட்டங்களில் குழு தோல்வி காணவில்லை. அவர் திரையிலிருந்து நேரே திடலுக்கு வந்தவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். காணொளி ஆய்வாளராகவும் துணைப் பயிற்றுநராகவும் பல ஆண்டுகள் உழைத்தவர். செய்தித்தாள்கள் அப்பகுதியைச் சுருக்கி எழுதின. அதுவும் ஒருவகைப் புனைவே.

வலென்சியா

நிகழ்ந்ததா இல்லையா என்பதும், நெறிக்கு உட்பட்டதா இல்லையா என்பதும் முழுமையான அளவுகோல்கள் அல்ல எனின், விளையாட்டின் உண்மையான குறை எங்கே உள்ளது? வலென்சியா இதற்கு விடையளிக்கிறது.

2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா குழு கேரி நெவிலைப் பயிற்றுநராக அமர்த்தியது. அவர் மான்செஸ்டர் யுனைட்டெட்டின் முன்னாள் தற்காப்பு ஆட்டக்காரர், தொலைக்காட்சி விமர்சகர், இங்கிலாந்து அணியின் துணைப் பயிற்றுநர்களுள் ஒருவர். எந்தக் குழுவையும் அதற்கு முன் தலைமையேற்று நடத்தியதில்லை. ஸ்பானிய மொழியும் தெரியாது. இவ்விவரங்களை மட்டும் எண்களாக்கிக் கணினியிடம் கொடுத்தால் இந்நியமனம் பிறக்க வழியில்லை. பிறந்தால் அது அபத்தம்.

ஆயின் விடுபட்ட செய்திகளைச் சேர்த்துப் பார்ப்போம். 2014ஆம் ஆண்டு வலென்சியாவின் பெரும்பங்கை வாங்கியவர் சிங்கப்பூர் வணிகர் பீட்டர் லிம். அதே ஆண்டில் இங்கிலாந்தின் கீழ்நிலைக் குழுவான சால்ஃபர்ட் சிட்டியில் நெவில் உள்ளிட்ட நண்பர்களுடன் அவர் பங்காளியானார். நெவிலின் தம்பி ஃபில் நெவில் 2015 முதலே வலென்சியாவின் பயிற்சிக் குழுவில் இருந்தார். பருவத்தின் நடுவில் பயிற்றுநர் நூனோ விலக, உரிமையாளருக்கு நம்பிக்கையான ஒருவர் உடனடியாகத் தேவைப்பட்டார். இப்பொழுது இந்நியமனம் வியப்பளிக்கவில்லை. தவறான முடிவு எனலாம், புரியாத முடிவு எனல் இயலாது. 2016 மார்ச்சு இறுதியில் அவர் நீக்கப்பட்டபோது 16 லீக் ஆட்டங்களில் 3 வெற்றிகளே கிட்டியிருந்தன. இடையில் பார்சிலோனாவிடம் 7-0 என்னும் தோல்வியும் நேர்ந்தது.

நெவில் கதையில் நம்பகத்தன்மையைத் தருவது அவருடைய தகுதி அன்று. பங்காளி உறவு, தம்பி, அவசரம் ஆகியவையே அதனைத் தருகின்றன. தரவுத்தளத்தில் 'விரும்பும் மனிதர்', 'வெறுக்கும் குழு' என்னும் கட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கடனும் நட்பும் வெட்கமும் பிடிவாதமும் அக்கட்டங்களுள் அடங்குவன அல்ல. நியமனச் செய்தி திரையில் ஒருசில வரிகளில் வந்து மறைகிறது. யார் பரிந்துரைத்தார், யார் எதிர்த்தார், வேறு யார் மறுத்தார் என்னும் காரணத் தொடர் ஆடுபவருக்குக் காட்டப்பெறுவதில்லை. 'நடப்புக்கு ஒவ்வாதது' என்று ஆடுபவர் சொல்லும்போது அவர் உண்மையில் உணர்வது காரணமின்மையையே. ஒரு நாவலில் பாத்திரம் திடீரென மனம் மாறினால் நாம் கொள்ளும் அதிருப்தி இதுவேயாகும்.

வெறுப்பு என்னும் கட்டம்கூட ஏமாற்றக்கூடியது. லீட்ஸ் யுனைட்டெட்டின் ஆட்டமுறையைப் பல்லாண்டுகள் வெளிப்படையாகச் சாடிவந்த பிரையன் கிளாஃப், 1974 ஜூலையில் அக்குழுவிற்கே நிர்வாகியானார். 44 நாள்களில் வெளியேற்றப்பட்டார். வெறுப்புக்குரிய கட்டத்தில் உச்ச எண்ணை இட்டிருந்தால் விளையாட்டு இந்நியமனத்தை அடியோடு தடுத்திருக்கும். அவ்வாறாயின் ஆங்கிலக் காற்பந்து வரலாற்றின் மிகச் சுவையான அத்தியாயங்களுள் ஒன்று நிகழ்ந்தே இராது. டேவிட் பீஸ் 2006ஆம் ஆண்டு எழுதிய நாவலுக்கும் இடமிருந்திராது.

முன்மாதிரி இல்லாதவை

நம்பகத்தன்மை பற்றிய முறையீட்டில் இன்னோர் இடர் உண்டு. இதனைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. 'நடவாதது' என்று நாம் ஒதுக்குவதில் ஒரு பகுதி, இதுவரை நடக்க விடப்படாததே ஆகும். தரவு என்பது கடந்த காலம். கடந்த காலத்தை மட்டுமே நெறியாகக் கொண்ட கணிப்பு, அதன் புறக்கணிப்புகளையும் சேர்த்தே நெறியாக்கிவிடும்.

ஆரிகோ சாக்கி தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. முன்னர் காலணி விற்றவர். 1987இல் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த பார்மா குழுவிலிருந்து ஏசி மிலானுக்கு வந்தார். 1989, 1990 ஆகிய ஈராண்டும் ஐரோப்பியக் கிண்ணம் அவர் வசமாயிற்று. பெயரை அளந்து ஆளெடுக்கும் எந்த முறையும் அவரைக் கண்டுபிடித்திராது. மிலான் கண்டுபிடித்ததற்குக் காரணம் எளியது. அவருடைய பார்மா கிண்ணப் போட்டியில் மிலானையே வென்றிருந்தது.

பெண்களின் நிலை இதனினும் தெளிவானது. 2014 மே மாதத்தில் பிரான்சின் இரண்டாம் நிலைக் குழுவான கிளெர்மாண்ட், ஹெலெனா கோஸ்டாவைப் பயிற்றுநராக அறிவித்தது. பருவம் தொடங்குமுன்னரே அவர் விலகினார். அவரிடத்திற்கு வந்த கொரின் டியாக்ர் 2017 வரை ஆண்கள் குழுவை நடத்தினார். அதற்கு முந்தைய எந்த ஆண்டின் தரவைக் கொண்டு இயக்கினாலும், இத்தகைய நியமனத்தைத் திரையில் கண்ட ஆடுபவர் அதைக் கணினியின் கோளாறு என்றே கொண்டிருப்பார். இவ்விளையாட்டு பெண்கள் காற்பந்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது 2025 நவம்பரில் வெளிவந்த பதிப்பில்தான். 1992இலிருந்து கணக்கிட்டால் முப்பத்து மூன்று ஆண்டுகள்.

மாணவர் சிறுகதைகளின் ஓரத்தில் 'நம்பும்படி இல்லை' என்று சிவப்பு மையால் எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. தோட்டத்துப் பெண் விமானியாவதையும், கடைநிலை ஊழியர் மகன் நீதிபதியாவதையும் அவ்வாறு எழுதிக் கடப்பது எளிது. காரணத் தொடர் விடுபட்டிருந்தால் அக்குறிப்பு பொருந்தும். முன்மாதிரி இல்லை என்பதற்காக எழுதப்பட்டால் பொருந்தாது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் காற்பந்து விளையாட்டின் வடிவமைப்பாளருக்கு மட்டும் உரிய வேலை அன்று.

2015 டிசம்பரில், நெவில் வலென்சியாவிற்குச் சென்ற அதே மாதத்தில், ஹாங்காங்கின் ஈஸ்டர்ன் குழு தன் ஆண்கள் அணியைச் சான் யுவென்-டிங் என்னும் 27 வயதுப் பெண்ணிடம் ஒப்படைத்தது. முந்தைய பயிற்றுநர் சீனாவிற்குச் சென்றுவிட்டதால் இடம் காலியாயிற்று. இருவரது பெயரையும் அவ்வாண்டின் நற்பெயர் எண்களையும் எந்தக் கணினியிடம் கொடுத்திருந்தாலும், இருவருள் நெவிலையே அது மேலாகக் கணித்திருக்கும். மார்ச்சு இறுதியில் நெவில் நீக்கப்பட்டார். ஏப்ரலில் ஈஸ்டர்ன் ஹாங்காங்கின் வாகையர் பட்டத்தை வென்றது.