உறியும் பரணும்

தமிழகத்து ஓட்டு வீடுகளில் பொருள்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கட்டடமே பெரிதும் ஏற்றிருந்தது. சுவரில் அமைந்த சிறு குழிவான மாடக்குழி அகல்விளக்கையும், நெல் சேமிக்கும் பெருங்கலமான குதிர் விளைச்சலையும் தாங்க, கூடத்தின் தரை பகலில் அமரவும் இரவில் பாய் விரிக்கவும் வெறுமையாகவே விடப்பட்டது. இவற்றுள் தனிப் பாராட்டுக்குரியது அடுக்களை உறி. உத்தரத்திலிருந்து தொங்கும் இக்கயிற்றுப் பின்னல், பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏந்தி, தயிரையும் வெண்ணெயையும் பூனைக்கு எட்டாமல் காற்றோட்டத்தில் காத்ததோடு, தரையில் ஓரங்குல இடமும் கேளாதிருந்தமையால், மிகச் சிறந்த வடிவமைப்புகளுள் வைத்து எண்ணத்தக்கது. எப்போதாவது தேவைப்படுபவை பரணுக்கு, அதாவது கூரையடியில் அமைந்த மரத்தட்டுக்கு, ஏறின. அங்குத் தேங்கியவற்றையும் மார்கழியின் இறுதி நாளான போகியை ஒட்டிய துப்புரவு ஆண்டுதோறும் கீழே இறக்கிப் பயனற்றவற்றைக் கழித்தது.