தமக்குத் தாமே குறி நோக்கல்: டாரோ சீட்டுக்கட்டு பற்றிய ஒரு மதிப்பீடு

குறி கேட்டல் தமிழர்க்குப் புதியதன்று. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். கட்டுவிச்சி நெல்லைக் கொண்டும் வேலன் கழங்கைக் கொண்டும் குறி சொல்வதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. குறவஞ்சியிலோ குறத்தி கை பார்க்கிறாள். இவை அனைத்திலும் கேட்பவர் ஒருவர். சொல்பவர் அல்லது சொல் பிறக்குமிடம் வேறு. டாரோ சீட்டைத் தனிப்பட்ட முறையில் பயன்படுத்துவோர் இவ்வமைப்பினின்றும் விலகி நிற்கின்றனர். தம்போயில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இரவில் தனித்திருந்து சீட்டுகளைப் பரப்பும் ஒருவர், கேட்பவரும் சொல்பவரும் தாமேயாகிறார். அத்தகையவர் புதிதாக ஒரு கட்டினைப் பெற்றால் அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா. சீட்டு எதிர்காலத்தை உரைக்கும் என்பதற்குச் சான்றில்லை. எனினும் துயருற்ற ஒருவர் தம் நிலையை நோக்குதற்குரிய ஓவியத் தொகுதி என்ற வகையில் அது திறனாய்வுக்கு உரியதே.

டாரோ 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத் தோன்றியது. அது எகிப்தியரின் மறைநூல் என்னும் கருத்து, 1781இல் பிரெஞ்சு அறிஞர் கூர் த ழெபலின் வெளியிட்ட நூலால் பரவிய ஊகமேயாகும். புதிய கட்டொன்றின் கைந்நூல் இக்கதையை வரலாறாகக் கூறுமாயின், அந்நூலின் ஏனைய விளக்கங்களையும் ஐயத்துடன் அணுகுதல் நலம்.

இன்றைய கட்டுகளுள் பெரும்பாலானவற்றிற்கு மூலமாக விளங்குவது, 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் வகுத்தளிக்க, பமீலா கோல்மன் சுமித் வரைந்தார். மொத்தம் 78 சீட்டுகள். அவற்றுள் 22 பெருஞ்சீட்டுகள், 56 சிறுசீட்டுகள். பழைய மார்செய்ல் மரபில் ‘கிண்ணம் ஐந்து’ என்றால் ஐந்து கிண்ணங்கள் மட்டுமே இருக்கும். சுமித்தின் சீட்டிலோ கருப்புப் போர்வை போர்த்த ஒருவர் தலை கவிழ்ந்து நிற்கிறார். முன்னே மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்துள்ளன; பின்னே இரண்டு நிமிர்ந்துள்ளன; அப்பால் ஓர் ஆறும் பாலமும் உள்ளன. இழப்பு உண்டு, எஞ்சியதும் உண்டு. ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தீர்ப்பு எதனையும் கூறாது, காண்பவரைப் பேசத் தூண்டுகிறது இவ்வோவியம். புதிய கட்டு இவ்விடத்தில் வெறும் அலங்காரத்தை வைத்திருந்தால், அது எத்துணைப் பொன்விளிம்பு பெற்றிருப்பினும் தனித்து நோக்குவார்க்கு உதவாது என்பதே எமது கருத்து.

‘வாள் ஆறு’ மற்றொரு சான்று. ஓடக்காரன் ஒருவன் போர்வை மூடிய பெண்ணையும் குழந்தையையும் அக்கரைக்குக் கொண்டு செல்கிறான். ஆறு வாள்களும் ஓடத்திலேயே குத்தி நிற்கின்றன. ரஜுலா கப்பலில் வந்திறங்கியோரின் பேரர்களுக்கும், நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோருக்கும் இப்படம் சுமித் எண்ணியிராத பொருளைத் தரவல்லது. துயரைக் கரையில் விட்டுவிட்டு எவரும் புறப்படுவதில்லை என்பதை அவ்வாள்கள் உணர்த்துகின்றன. வாள்களை அகற்றி, நிலவொளியில் மிதக்கும் ஓடத்தை மட்டும் வரையும் ஓவியர் சீட்டை அழகாக்குகிறார்; அதன் உயிரைப் போக்கிவிடுகிறார்.

பதின்மூன்றாம் சீட்டாகிய ‘மரணம்’ குறித்தும் இவ்வாறே கூறலாம். இதற்கு ‘மாற்றம்’ எனப் பெயரிடும் கட்டுகள் உள. அச்சத்தைத் தவிர்க்கும் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் மூலத்தில் அரசன் வீழ்ந்து கிடக்க, குருவானவர் கைகூப்ப, குழந்தை மட்டும் குதிரைமேல் வரும் எலும்புருவை நிமிர்ந்து நோக்குகிறது. பெயரை மாற்றுவோர் இக்குழந்தையையும் இழந்துவிடுகின்றனர்.

நம்மவர் நன்கறிந்த கிளிச் சோதிடச் சீட்டு இதற்கு நேர்மாறானது. கிளி எடுத்துத் தரும் தெய்வப்படத்திற்குச் சோதிடரே பொருளுரைப்பார். பலன் நன்றோ தீதோ எனத் தெளிவாக முடிந்துவிடும். 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது சிங்கப்பூரில் புகழ்பெற்ற ‘மணி’ என்னும் கிளி, இறுதியாட்டத்தில் நெதர்லாந்தைத் தேர்ந்தது, வென்றது ஸ்பெயின். ஆயினும் அம்முறையில் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை நாம் மறத்தலாகாது. கேட்பவரின் முகவாட்டம் கண்டு அவர் சொல்லைத் திருத்திக்கொள்வார். டாரோவில் அப்பணி முழுவதையும் ஓவியமே ஏற்க வேண்டியுள்ளது. ஒரே வினாவுக்கு விரும்பிய விடை கிட்டும்வரை மீண்டும் மீண்டும் சீட்டெடுப்போரைத் தடுக்க அங்கு எவருமில்லை.

வரிசையெண்ணும் நோக்கத்தக்கது. மார்செய்ல் மரபில் ‘நீதி’ எட்டாவது, ‘வலிமை’ பதினொன்றாவது; வெய்ட் இவ்விரண்டையும் இடம் மாற்றினார். கட்டு ஒரு மரபையும் கைந்நூல் மற்றொன்றையும் பின்பற்றினால் தொகுத்தவரின் கவனக்குறைவு வெளிப்படும்.

இறுதியாக, பெட்டியின்மீது ஓவியர் பெயர் உள்ளதா எனக் காண வேண்டும். பெரும்பணிக்கு மிகச் சிறு தொகையே கிடைத்ததெனச் சுமித் 1909இல் ஒரு கடிதத்தில் குறித்துள்ளார். அவர் 1951இல் வறுமையில் மறைந்தார். அவர் வரைந்த கட்டோ, பதிப்பகத்தார் பெயரும் வெய்ட்டின் பெயரும் மட்டும் சேர்த்தே நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது.