பதினாறு பிட் காலத்தின் ஓவியர்கள்

1988 அக்டோபரில் சேகா நிறுவனம் ஜப்பானில் மெகா டிரைவ் என்ற பதினாறு பிட் வீடியோ கேம் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1990 நவம்பரில், நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் வந்தது. அமெரிக்காவில் முதலாவதற்கு ஜெனிசிஸ் என்றும் அடுத்ததற்குச் சூப்பர் நின்டெண்டோ என்றும் பெயர். இந்த இரண்டு பெட்டிகளுக்காக வரையப்பட்ட படங்களில் சில, முப்பது ஆண்டு கடந்த பிறகும் கண்ணைக் கட்டிப் போடுகின்றன. வந்த நாளில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்த வேறு சில, இன்று வெளிறிக் கிடக்கின்றன. பெட்டியின் திறனைக் காட்டுவதற்காக வரைந்தவை மங்கிவிட்டன, படத்துக்காகப் பெட்டியை வளைத்தவை நின்றுவிட்டன என்பது என் துணிபு.

அந்தப் படங்கள் உருவான விதத்தை முதலில் சொல்ல வேண்டும். பின்னணி முழுவதும் எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு சதுரங்களால் ஆனது. பொதுவாக ஒரு சதுரத்துக்கு 15 நிறங்கள். பதினாறாவது இடம், பின்னால் இருப்பது தெரிவதற்கான வெற்றிடம். ஸ்ப்ரைட் எனப்படும் அசையும் உருவங்களுக்கும் இதே கணக்குதான். விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜில் நினைவகம் விலை கூடிய பொருள் என்பதால், ஒரே சதுரத்தைத் திருப்பிப் போட்டும் நிறம் மாற்றியும் பல இடங்களில் பயன்படுத்தினார்கள். தறியில் இழை எண்ணிப் பூ போடுபவரின் பொறுமை இதற்கு வேண்டும். ஒரு பிக்சல் தள்ளி வைத்தால் முகபாவமே மாறிவிடும்.

மெகா டிரைவால் மொத்தம் 512 நிறங்களைத்தான் தர முடியும். அதிலும் திரையில் ஒரே நேரத்தில் தெரிபவை அறுபது சொச்சம். சூப்பர் ஃபாமிகாமுக்கோ 32,768 நிறங்கள், ஒரே நேரத்தில் 256. எண்களை வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் 1991இல் வந்த 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்'கின் முதல் கட்டமான கிரீன் ஹில்லைப் பாருங்கள். காவி நிறத்தில் கட்டம் கட்டமான மண், அதன்மேல் பச்சைப் புல், பின்னால் நீல வானம், நடுவில் அதைவிட அழுத்தமான நீலத்தில் சோனிக். எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவன் மண்ணோடு கலந்துபோக மாட்டான். குறைவான நிறம் என்பதால் ஒவ்வொன்றும் அழுத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தொலைவில் நீர் மினுங்குவது எப்படி? வரைந்த சதுரங்கள் அப்படியே இருக்க, நிறத்தட்டிலுள்ள நீலங்கள் மட்டும் வரிசையாக இடம் மாறுகின்றன.

அங்குள்ள அருவியை இன்றைய திரையில் உற்றுப் பார்த்தால், ஒன்று விட்டு ஒன்றாகப் போட்ட செங்குத்துக் கோடுகள்தாம் தெரியும். ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வந்த அன்றைய பிக்சர் டியூப் டிவியில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னால் இருப்பதைக் காட்டும் நீர்த்திரையாகிவிடும். இரண்டு படங்களை ஊடுருவிக் கலக்கும் வசதி மெகா டிரைவில் கிடையாது. இல்லாத வசதியை டிவியின் குறையிலிருந்து வரவழைத்தார்கள். அக்காலப் படங்களைக் கூர்மையான திரையில் மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

மெகா டிரைவில் என் மனம் முதலில் போவது சோனிக்கிடம்கூட அல்ல. டெக்னோசாஃப்ட் நிறுவனம் 1992இல் வெளியிட்ட 'தண்டர் ஃபோர்ஸ் IV'இடம். இயந்திரம் தருவது இரண்டே பின்னணித் தளங்கள். ஆனால் திரையின் ஒவ்வொரு கிடைவரியையும் தனித்தனி வேகத்தில் நகர்த்தலாம். அதைக் கொண்டு, கடலுக்கு மேல் அடுக்கடுக்காக மேகங்கள் ஒன்றையொன்று முந்திச் செல்லும் வானத்தை உண்டாக்கினார்கள். திரையில் எதிரிகள் நிறைந்தால் ஆட்டம் தடுமாறி மெதுவாகும் என்பது உண்மை. அந்த மேகங்களுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கொனாமியிலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய ட்ரெஷர் நிறுவனத்தின் 'கன்ஸ்டார் ஹீரோஸ்' (1993) வேறு வழியில் வென்றது. மூட்டு மூட்டாகக் கோத்த சிறு ஸ்ப்ரைட்டுகளைக் கொண்டு, உருமாறி உருமாறித் தாக்கும் பெரிய இயந்திரங்களை அசைத்துக் காட்டினார்கள். அதே ஆண்டில் டிஸ்னியின் 'அலாதீன்' இரண்டு பெட்டிகளுக்கும் வெவ்வேறு விளையாட்டாக வந்தது. மெகா டிரைவில் டிஸ்னியின் ஓவியர்களே அசைவுகளை வரைந்தார்கள். மற்றதைக் கேப்காம் செய்தது. நிறம் குறைந்த பெட்டியின் அலாதீன்தான் சினிமாவில் வருபவனைப் போல உடலை நெளித்து ஓடுகிறான்.

சூப்பர் ஃபாமிகாமைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் சொல்வது மோட் 7. ஒரு பின்னணியைச் சுழற்றலாம், பெரிதாக்கலாம். வரிக்கு வரி அளவை மாற்றினால் தரை தொடுவானம்வரை விரிந்து கிடப்பதுபோலத் தெரியும். பெட்டியோடு சேர்ந்தே வந்த 'எஃப்-ஜீரோ' இதைத்தான் விற்றது. ஆட்டமாக அது இன்றும் சூடானது; படமாகப் பார்த்தால் தட்டையான ஒரு விரிப்பு. அதே உத்தி 1994இல் 'ஃபைனல் ஃபேன்டஸி VI'இன் தொடக்கத்தில் வருகிறது. பனிவெளியில் மூன்று இயந்திரக் கவசங்கள் முதுகைக் காட்டியபடி நடக்கின்றன, தொலைவில் நகரத்தின் விளக்குகள், மேலே பெயர்கள் ஓடுகின்றன. இங்கே உத்தி கண்ணில் படவில்லை, குளிர்தான் படுகிறது. அந்த விளையாட்டில் மனிதர்களின் உயரம் வெறும் 24 பிக்சல், அகலம் 16. யோஷிதாகா அமானோவின் நீர்த்துளி போன்ற ஓவியங்களை அந்த அளவுக்குள் கொண்டுவந்ததில் கசுகோ ஷிபுயாவின் பங்கு பெரிது. தலை குனிவதும் விரலை ஆட்டுவதும் அங்கே நடிப்பாகவே இருக்கின்றன.

அதே ஆண்டின் 'சூப்பர் மெட்ராய்ட்' இருட்டால் வரையப்பட்டது. கிரகத்தில் இறங்கியதும் மழை. ஆழத்தில் வெப்பத்தால் நெளியும் காற்று. 1995இன் 'செய்கென் டென்செட்சு 3' காடுகளுக்காகவே பார்க்க வேண்டியது. பகல் சாய்ந்து இரவாகும்போது அதன் இலைகளின் பச்சையும் மாறும். அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்புக்கு 2019வரை காத்திருக்க வேண்டியிருந்ததால், அதற்குரிய புகழ் உலகெங்கும் தாமதமாகவே கிடைத்தது.

நியோ ஜியோவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆர்கேட் கூடத்தின் இயந்திரத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டி அது. அதில் வந்த 'மெட்டல் ஸ்லக்'கின் (1996) அழகு தனிக் கட்டுரைக்கு உரியது.

சூப்பர் ஃபாமிகாமுக்கு 1994 நவம்பரில் 'டாங்கி காங் கன்ட்ரி' வந்தது. பிரிட்டனின் ரேர் நிறுவனம் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் முப்பரிமாண உருவங்களைச் செய்து, அவற்றைச் சிறிய ஸ்ப்ரைட்டுகளாகச் சுருக்கியது. அடுத்த மாதம் ஜப்பானில் பிளேஸ்டேஷன் வரவிருந்த நேரத்தில், பழைய பெட்டியால் இப்படியும் முடியுமா என்று உலகம் வியந்தது. 90 லட்சத்துக்கு மேல் விற்றது. காட்டின் ஆழமும், மெல்ல வலுக்கும் பனிப்புயலும் இன்றும் அருமை. குரங்குகளின் உடலில் மட்டும் பிளாஸ்டிக் பளபளப்பு ஏறிவிட்டது. கையால் வரைந்த கோடு அங்கே இல்லை.

ஒன்பது மாதம் கழித்து, 1995 ஆகஸ்டில், நின்டெண்டோவிலிருந்தே அதற்கு எதிர்த்திசையில் வந்தது 'யோஷிஸ் ஐலண்ட்'. மெழுகுக் குச்சியால் தீட்டிய குன்றுகள், பேனாவால் சுற்றி வரைந்த மேகங்கள், குழந்தையின் நோட்டிலிருந்து எழுந்து நடக்கும் டைனோசர். இதற்காகக் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்ற கூடுதல் சில்லைப் பொருத்தியிருந்தார்கள். அந்தச் சில்லு எதிரிகளை ஊதிப் பெருக்கவும், சுழற்றவும், நசுக்கவும் உழைக்கிறது. ஆனாலும் அவை கிரேயான் படங்களாகவே இருக்கின்றன. பஞ்சுபோன்ற ஒரு உயிரைத் தொட்டால் தரை முழுவதும் அலையாக ஆடத் தொடங்கும். வரைந்த தாளையே யாரோ அசைப்பது போலிருக்கும். அந்த ஆண்டு வேறு யாரிடமும் இல்லாத துணிச்சல் இது.

பதினாறு பிட் காலத்தின் அழகான விளையாட்டு எது என்று கேட்டால், தயங்காமல் 'யோஷிஸ் ஐலண்ட்' என்பேன். அடுத்து 'செய்கென் டென்செட்சு 3', 'தண்டர் ஃபோர்ஸ் IV'. இன்றைய கருவிகளில் விளையாடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படத்தை அகலத் திரை முழுவதும் இழுக்காதீர்கள். அவை 4:3 திரைக்காக வரையப்பட்டவை. அந்த அளவிலேயே பாருங்கள். பழைய டிவியைப் போலக் காட்டும் வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.