மூன்றாவது பிரதி

சனிக்கிழமைகளில் திருவண்ணாமலையில் நான் நடத்தும் எழுத்து வகுப்புக்குப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வருகிறாள். கிரிவலம் பற்றி எழுதச் சொன்னேன். முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரை உட்தலைப்புகள் போட்டு இரண்டு பக்கம் நிரப்பிவிட்டாள். பிழை ஒன்றுமில்லை, ஆனால் மலையைப் பார்த்தே இராதவரும் அதை எழுதியிருக்கலாம்.

"பௌர்ணமி ராத்திரி நீ எங்கம்மா இருப்ப?"

"அம்மாகூட மோர் விப்பேன் சார், நிருதி லிங்கத்துக்கிட்ட."

அவளைக் குறை சொல்ல முடியாது. பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண் கட்டுரைக்குக் குறிப்புகளை வினாத்தாளே தந்துவிடுகிறது. பிள்ளை இட்டு நிரப்பினால் போதும்.

இங்கே தேர்வு இப்படியென்றால், இலங்கையில் கட்டுரையை 'வரைவார்கள்'. அங்கே அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் பள்ளியில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என ஏறித் தேசிய மட்டம் வரை போகும். பேச்சு, நாடகத்தோடு கட்டுரை வரைதல், சிறுகதை ஆக்கம், கவிதை ஆக்கம் எல்லாம் அதில் உண்டு. ஒரு கிராமத்துப் பிள்ளை கதை எழுதுவதைக் கல்வித்துறையே கௌரவிக்கிறது என்பது சின்ன விஷயமல்ல. அதற்கும் முன்னால் பத்திரிகைகள் இதைச் செய்தன. நா. பொன்னையா 1930-இல் தொடங்கிய 'ஈழகேசரி' இளைஞர்களுக்குப் பக்கம் ஒதுக்கியது. அதில் எழுதிப் பழகிய வரதர் போன்றவர்கள்தாம் பின்னர் 1946-இல் 'மறுமலர்ச்சி' இதழைக் கொண்டுவந்தார்கள். 1966-இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலாளி. யாழ்ப்பாணத்துச் சலூன் ஒன்றுதான் அவருக்கு இதழாசிரியர் அறை. கையெழுத்துப் பிரதியோடு அங்கே போன இளைஞருக்கு அதைவிடப் பெரிய வகுப்பு எது?

எங்கள் ஊரின் வழி வேறு. இங்கே எழுத்து காதுவழியாக வந்தது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தார் நடத்திய கலை இலக்கிய இரவுகளில் விடிய விடியப் பாட்டும் பேச்சும் நடக்கும். மின்வாரியத்தில் வேலை பார்த்த பவா செல்லதுரை 'முற்றம்' கூட்டங்களுக்கு எழுத்தாளர்களை வரவழைத்தார். பிறகு கதைசொல்லியாகவே அறியப்பட்டார். கதையைக் கையில் தாள் இல்லாமல் சொல்லும்போது, கேட்பவர் எங்கே நிமிர்கிறார், எங்கே கொட்டாவி விடுகிறார் என்பது உடனே தெரிந்துவிடும். அந்தப் பாடத்தைப் போட்டியின் நடுவரால் தரமுடியாது. அவர் மதிப்பெண் போடுவார். தாள் பிள்ளையின் கைக்குத் திரும்புவது அரிது.

ஆனால் முற்றத்திலும் ஒரு குறை உண்டு. கைதட்டல் கிடைத்ததும் பிள்ளை வீட்டுக்குப் போய்விடுகிறாள். எழுதியதை யாரும் பேனாவோடு உட்கார்ந்து பார்ப்பதில்லை. குறித்த நேரத்தில் ஒன்றை எழுதி முடிக்கும் பழக்கத்தை இலங்கைப் போட்டி தருகிறது. யாருக்குச் சொல்கிறோம் என்ற உணர்வை எங்கள் முற்றம் தருகிறது. திரும்ப எழுதச் சொல்ல இரண்டு கரையிலும் ஆள் போதவில்லை என்பதே என் வருத்தம். சலூனில் இதழ் நடத்திய ஜீவாவை நான் மிகவும் மதிப்பது இதனால்தான்: அங்கே பிரதியும் இருந்தது, எதிரே ஆளும் இருந்தார்.

மோர் விற்கும் அந்த மாணவிக்குக் கட்டுரையைத் திரும்ப எழுத ஒரு மாதம் பிடித்தது. இரண்டாவது பிரதியில் அம்மா வந்தாள், ஆனால் 'தியாகத்தின் திருவுருவமாக' வந்தாள். மூன்றாவது இப்படித் தொடங்கியது: விடிகாலை மூன்று மணிக்குமேல் மோர் போணியாகாது, நடப்பவர்கள் டீயைத்தான் தேடுவார்கள், மிச்ச மோரை என்ன செய்வது என்று அம்மா யோசிப்பாள். வகுப்பில் அதை வாசித்தபோது பின்வரிசைப் பையன்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள்.

ஆசிரியர்களே, யாழ்ப்பாணத்திலோ ஆரணியிலோ இருங்கள், திருத்திய தாளைக் கட்டி மூலையில் வைக்காதீர்கள். பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்து, இன்னொருமுறை எழுதச் சொல்லுங்கள்.