ஈரக்காற்றும் சூட்டுத் தகடும்

பிளாஸ்டிசோல் மையில் அச்சிட்ட தாளை ரீசேர்ட்டில் வைத்துச் சூட்டு மெஷினால் அழுத்தும் வேலையில் எனக்குப் பிடித்தது, அதன் ஒவ்வொரு குறையும் தன் காரணத்தைத் தானே காட்டிக்கொடுப்பதுதான்.

இந்த மை, பிவிசி தூளும் அதை இளக்கும் எண்ணெயும் சேர்ந்த குழம்பு. தாளில் அதைப் பாதிதான் வேகவிடுவார்கள். மீதி வேக்காடு, ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில், துணியின் மேல் நடக்கும். தாளிலேயே முழுதாக வெந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் நூலைப் பிடிக்காது. துணியில் வேகாமல் விட்டாலோ, சில தோய்ப்பிலேயே வெடித்து உரியும். பதித்த எழுத்தை இரு கையாலும் இழுத்துப் பார்த்தால் அந்த வெடிப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

திருகோணமலையில் இதற்கு மேல் ஈரம் வேறு. துறைமுகக் காற்றில், அதுவும் வடகீழ்ப் பருவமழை நாட்களில், பருத்தித் துணி கைக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். சூடு பட்டதும் அது ஆவியாகி மைக்கும் நூலுக்கும் இடையே புகும். எழுத்தில் ஊசிமுனைத் துளைகள் விழும். தேர்ந்த கை முதலில் வெறும் துணியைச் சில விநாடி அழுத்தி, ஆவி பறந்த பிறகே தாளை வைக்கும். அந்தப் பொறுமை எனக்கு மிக அழகாகப் படுகிறது.

ஒரு மூலை மட்டும் ஒட்டாவிட்டால் சூட்டைக் கூட்டக் கூடாது. கழுத்துப்பட்டியோ தையலோ தகட்டைத் தாங்கிப்பிடித்திருக்கும். எழுத்து விழும் இடத்துக்கு அடியில் மெத்தைத்துண்டு வைத்தால் சரியாகும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கான சிவப்புப் பொலியெஸ்ரர் ரீசேர்ட்டில் வெள்ளை எழுத்து பிறகு இளஞ்சிவப்பானால், துணிச்சாயம் மைக்குள் ஏறியிருக்கிறது. அதற்குச் சாயம் தடுக்கும் மையும் குறைந்த சூடும் வேண்டும்.