வண்டியை எண்ணுகிறோம், கட்டிலை எண்ணவில்லை

போன மாதம் எங்க சென்னிமலைக் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். மொத்தமாகப் போர்வை எடுக்க ஒருத்தர் வந்தார். "எத்தனை கட்டிலுங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "ஊட்டியில ரெண்டு வீடு, கட்டில் இருபத்தி நாலு. ஹோம்ஸ்டேங்க." "நீங்க ஊட்டியிலயே இருக்கீங்களா?" "இல்லீங்க, கோயமுத்தூரு."

ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டில் ஹோம்ஸ்டே என்றால் ஆறு அறை, 12 படுக்கை வரைதான். உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். கேரளம் டைமண்ட், கோல்ட், சில்வர் என்று தரம் பிரிக்கிறது. தில்லி 2007லேயே தனிச் சட்டம் போட்டது. காகிதத்தில் குறையொன்றும் இல்லை. குடியிருக்கிறாரா என்று யார் போய்ப் பார்ப்பது?

நியூயார்க் இதற்கு ஒரு வழி கண்டது. 2023 செப்டம்பர் 5 முதல், 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடுகிறவர் நகராட்சியில் பதிய வேண்டும், விருந்தினர் இருக்கும்போது தானும் அங்கே இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது. முக்கியமானது இனிமேல்தான்: பதியாத வீட்டுக்கு ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் பணம் வாங்கித்தரக் கூடாது. கதவு கதவாகத் தட்டும் வேலை பெருமளவு மிச்சம். ஆற்றுக்கு அக்கரையில் ஜெர்சி சிட்டி 2019லேயே மக்கள் வாக்கெடுப்பு நடத்திக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால் அது இவ்வளவு இறுக்கம் இல்லை. இக்கரையில் கதவு சாத்தியதும் கூட்டம் அக்கரைக்குப் போனது.

நம்ம பக்கம் என்ன செய்தோம்? 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் எண்ணிக்கையும் வைத்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக்கடைசியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் ஏறி மாலையில் இறங்கும் காரும், மூன்று நாள் தங்கும் பன்னிரண்டு பேர் வேனும் இந்தக் கணக்கில் ஒன்றேதான். தண்ணீரும் குப்பையும் கட்டிலைப் பொறுத்தவை. வண்டிக்குச் சோதனைச் சாவடி இருக்கிறது, அதனால் வண்டியை எண்ணுகிறோம். அவ்வளவுதான் விஷயம்.

எண்ணாமல் விட்டதன் விலை 2021 ஜனவரியில் தெரிந்தது. மசினகுடியில் தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானை மேல் எரியும் டயரை வீசினார்கள். காதுப்பக்கம் வெந்து அது செத்தது. அதே வாரம் வயநாட்டு மேப்பாடியில், கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவரை யானை கொன்றது. இரண்டு இடத்திலும் அனுமதி இல்லை என்பது அப்புறம்தான் அதிகாரிகளுக்குத் தெரிந்ததாம்!

பார்சிலோனா மாதிரி 2028க்குள் மொத்தமாக மூட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மேலே ஒரு அறையை விட்டு, கீழே தானும் குடியிருந்து பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் மலையில் உண்டு. அவர்களையும் கோயமுத்தூர்க்காரரின் இருபத்தி நாலு கட்டிலையும் ஒரே பெயரில் வைத்திருப்பதுதான் கோளாறு. பதிவு எண் இல்லாத வீட்டைத் தளத்தில் காட்டக்கூடாது என்ற ஒரே விதி இந்த இரண்டையும் பெரிதும் பிரித்துவிடும். அதைத் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து போட வேண்டும். நீலகிரியில் மட்டும் இறுக்கினால், அடுத்த சனிக்கிழமையே நம்ம வண்டிகள் கூடலூரைத் தாண்டி வயநாட்டில் நிற்கும்.