பழி வாய்க்கு, பிழை ஸ்பீக்கருக்கு

மாணவர்கள் எடுத்த பாட்டு வீடியோ ஒன்று வெளியானால் முதல் தீர்ப்பு நடித்தவன் தலையில்தான் விழும். "வாய் ஒட்டலையே" என்பார் ஒருவர். "பாட்டே மனப்பாடம் ஆகல", "ரிகர்சல் பத்தல" என்று அடுத்தடுத்து வரும். வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி பக்கம் வறண்ட கண்மாய்க்குள் இறங்கி எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தீர்ப்பு இரட்டிப்பாகவே கிடைக்கும். நுணுக்கமாகப் பார்க்கும் ரசிகர்களும் இங்கே ஏமாறுகிறார்கள். வாயையே பார்க்கிறார்கள். அந்த வாய்க்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

வாயசைப்பில் இன்றைய பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. 2014-இல் டப்ஸ்மாஷ் வந்தது, அடுத்து டிக்டாக். 2020 ஜூன் 29-ஆம் தேதி இங்கே டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதலில் இறக்கிய நாடும் இந்தியாதான். நடக்கப் பழகியதும் வாயசைக்கப் பழகிய கூட்டம் இது. போனை ஒரு முழத் தூரத்தில் பிடித்துக்கொண்டு வசனத்தையும் பாட்டையும் மயிரிழை பிசகாமல் பேசுகிற அதே பையன், கண்மாய்க்குள் நின்றதும் திடீரென்று மக்காகிவிடுவானா? முழத் தூரம் முப்பது மீட்டராகிவிட்டது, அவ்வளவுதான். அந்த முப்பது மீட்டருக்குப் பொறுப்பாளி வேறொருவன்.

அவன்தான் ஸ்பீக்கர்காரன். இந்தப் பத்தி முழுக்க அவன் பக்கம்தான் நிற்கப்போகிறது.

அணியில் அவனுக்கு இடம் கிடைத்த கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். நடிக்க வரவில்லை, கேமரா கைக்கு வரவில்லை, எடிட்டிங் தெரியாது. "சும்மா நிக்காம அந்த ஸ்பீக்கரப் பிடிடா" என்று தள்ளிவிடுவார்கள். இயக்குபவன் "ரெடி" என்றதும் பாட்டைப் போட வேண்டும், "கட்" என்றதும் நிறுத்த வேண்டும். அதனால் அவன் இயக்குபவனை ஒட்டியே, அதாவது கேமரா பக்கத்திலேயே நிற்கிறான். பார்க்கிறவர்களுக்கு அதுவே சரியான இடமாகத் தோன்றும். ஆனால் களத்திலேயே ஆக மோசமான இடம் அதுதான்.

கணக்கைப் பார்ப்போம். வெயில் காலத்து வறண்ட காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பாடுபவன் 35 மீட்டர் தள்ளி நின்றால் கேமரா பக்கத்து ஸ்பீக்கரின் சத்தம் அவன் காதுக்குப் பத்தில் ஒரு நொடி பிந்தித்தான் சேரும். காதில் விழுந்த தாளத்துக்குத்தான் அவன் வாயசைப்பான். ஒளிக்கு அந்தத் தாமதம் கிடையாது. எனவே கேமராவின் மைக்குக்குப் பாட்டு முதலில் வருகிறது, வாயசைவு 100 மில்லிசெகண்டு கழித்து வருகிறது. நொடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் இது இரண்டரை பிரேம். எடிட்டர், கேமராவில் பதிவான சத்தத்தை அசல் பாட்டோடு பொருத்திவிட்டுச் சரியாகத்தான் பொருத்தினேன் என்று சத்தியம் செய்வான். அவன் சொல்வதும் பொய்யில்லை.

ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாடுபவனின் காலடியில், கருவேலமரத் தூருக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் கணக்கு தலைகீழாகிறது. அவன் உடனே கேட்டு உடனே வாயசைக்கிறான், கேமரா மைக்தான் தாமதமாகக் கேட்கிறது. இப்போதும் பிசகு அதே 100 மில்லிசெகண்டுதான். ஆனால் இப்போது வாய் முந்தும், சத்தம் பிந்தும்.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் மனிதக் கண்ணையும் காதையும் மறந்துவிடுகிறார்கள். தொலைவில் ஒருவர் துணி துவைத்தால் அடி முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். சத்தம் முந்தி அடி பிந்துவதை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. அதனால் பிந்திய சத்தத்தை மூளை பொறுத்துக்கொள்ளும், முந்திய சத்தத்தை உடனே பிடித்துவிடும். ஒளிபரப்புக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையும் இதையே சொல்கிறது. சத்தம் 45 மில்லிசெகண்டு முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும், பிந்தினாலோ 125 வரை தெரியாது. சகிக்கும் எல்லை முந்தலுக்கு 90, பிந்தலுக்கு 185. ஆக 35 மீட்டரில் ஒரே பிசகு, ஸ்பீக்கர் கேமராப் பக்கம் இருந்தால் சகிக்க முடியாததாகவும், பாடுபவன் பக்கம் இருந்தால் கண்ணுக்கே தெரியாததாகவும் ஆகிறது. ஒரு ஆள் நிற்கும் இடத்துக்கு இவ்வளவு விலை!

அத்தனை தூரத்தில் வாய் எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். இன்று சில போன்களில் ஐந்து மடங்கு ஜூம் லென்ஸே வந்துவிட்டது. தூரத்தில் நிறுத்தி இழுத்து எடுத்தால் பின்னால் கண்மாய்க்கரையும் கானலும் அழகாக நெருங்கி வரும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அழகுதான். அந்த அழகுக்கான கூலியைத்தான் பாடுபவனின் வாய் கட்டுகிறது.

இதெல்லாம் கரிசல் ஊர்களுக்குப் புதிய அறிவு இல்லை. கோயில் கொடைக்கு மைக்செட் கட்டும்போது தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் தொங்கும். நடுத்தெருவில் நின்றால் பக்கத்துக் குழாயில் ஒரு வரி, தூரத்துக் குழாயில் அதே வரி கொஞ்சம் பிந்தி, இரண்டும் காதில் மோதும். கரகாட்டத்தில் நையாண்டி மேளம் எங்கே நிற்கிறது? ஆட்டக்காரரோடு ஒட்டித்தான். தவில்காரர் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்று வாசித்து யாராவது பார்த்ததுண்டா? ஆடுகிற காலுக்கும் அடிக்கிற கைக்கும் நடுவே தூரம் கூடாது என்பது அந்தக் கலைஞர்களுக்குப் பால்பாடம்.

சினிமாக்காரர்களும் இதைத் தெரிந்தவர்கள்தான். 1931-இல் காளிதாஸ் வந்த காலத்தில் நடிப்பவரே பாட வேண்டியிருந்தது. மைக்கை விட்டு விலகினால் குரல் போய்விடும். தமிழில் பின்னணிப் பாட்டைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் நந்தகுமார் 1938-இல் வந்தது. காலை மைக்கிலிருந்து அவிழ்த்துவிட்டது பின்னணிப் பாட்டு, காதை ஸ்பீக்கரில் கட்டிவிட்டது. பிறகு வெளிப்புறப் படப்பிடிப்பில் பாட்டை ஒலிக்கவைக்கத் தனி ஆளே வந்தார். நாக்ரா என்ற சுவிட்சர்லாந்து ரெக்கார்டரின் பெயரே அந்த வேலைக்கு அடையாளமாகிப்போனது. அங்கே அது சம்பளமுள்ள பதவி. மாணவர் அணியில்தான் அது எடுபிடி வேலை.

ட்ரோன் கட்சிக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. மேலிருந்து ஒரு ஷாட் இருந்தால்தான் வீடியோ என்று நினைக்கும் கூட்டம் பெருகிவிட்டது. மாணவர் கைக்கு எட்டும் ட்ரோன்களில் மைக் கிடையாது, இருந்தாலும் இறக்கைச் சத்தம்தான் பதிவாகும். பொருத்தப் பார்க்க ஒலியே இல்லாத ஷாட் அது. அங்கே கை கொடுப்பவனும் ஸ்பீக்கர்காரன்தான். பாட்டின் முதல் தட்டில் கேமராவுக்குத் தெரியும்படி இரண்டு கையையும் தலைக்கு மேல் தட்டினால் போதும், எடிட்டருக்கு அதுவே பிடி. ஸ்லோமோஷனுக்கும் அவனே கதி. 50 பிரேமில் எடுத்து 25-இல் ஓடவிட வேண்டுமானால் களத்தில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டாக வேண்டும். கீச்சுக்குரலில் ஓடும் பாட்டுக்குச் சிரிக்காமல் வாயசைப்பது நடிப்பவன் பாடு.

இங்கிலாந்துப் பள்ளிகளில் ஏ-லெவல் மீடியா பாடத்தில் பாட்டு வீடியோ எடுப்பதே மதிப்பெண்ணுக்கான வேலையாக இருந்துவருகிறது. எடுத்து முடித்ததும் திரும்பிப் பார்த்து எழுதும் வழக்கமும் அங்கே வளர்ந்தது. ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் எழுதிய புத்தகத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பாட்டு வரிக்குக் காட்சி பொருந்துகிறதா, கூட்டுகிறதா, முரண்படுகிறதா என்று அலசுவார்கள். நல்ல பயிற்சி. ஆனால் ஸ்பீக்கரை எங்கே வைத்தோம் என்பது அந்த அலசலின் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பது இந்தப் பத்தியின் கட்சி.

இனி நடக்கப்போவது என்ன? நிமிர்ந்த திரைதான் வெல்லும். 2024 அக்டோபரில் ஷார்ட்ஸின் நீளம் மூன்று நிமிடமானது. ஒரு முழுப் பாட்டு கிட்டத்தட்ட அதற்குள் அடங்கிவிடும். நிமிர்ந்த திரையில் கண்மாய்க்கு இடமில்லை, முகமே திரை. முகம் பெரிதானால் பிசகும் பெரிதாகத் தெரியும். வாயைத் திருத்தும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இன்னும் ஒரு வருஷத்துக்குப் பிள்ளைகள் கொண்டாடுவார்கள். அப்புறம் எல்லா வாயும் ஒரே மாதிரி அசைவதைப் பார்த்துச் சலித்துவிடுவார்கள். அதற்குப் பின் களத்தில் நிஜமாகவே பாடி எடுக்கும் வீடியோக்கள் வரும். பள்ளிக் கல்வித்துறை 2022-23-இல் தொடங்கிய கலைத் திருவிழாவில் பாட்டு வீடியோவும் ஒருநாள் போட்டியாக வரக்கூடும். வந்தால் மாவட்ட அளவிலேயே நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் நகரத்து அணிகளுக்குத் தண்ணி காட்டுவார்கள் என்று பந்தயமே கட்டலாம். சுவர் எதிரொலி இல்லாத வெட்டவெளியில் பழகியவர்கள் தூரத்தின் கணக்கைச் சீக்கிரம் படித்துக்கொள்வார்கள்.

ஐப்பசி மழைக்குக் கண்மாய் நிறைவதற்குள் எடுத்து முடிக்க நினைப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். ஸ்பீக்கர்காரனைக் கேமரா பக்கத்திலிருந்து கிளப்பிப் பாடுபவனின் காலடிக்கு அனுப்புங்கள். "ரெடி" கேட்காது என்றால் துண்டை வீசிச் சைகை காட்டுங்கள். வீடியோ முடிவில் பெயர்கள் ஓடும்போது அவன் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.